1,200 என்பது யாருடைய எண்? கலோரிச் செயலி ஒன்றோடு இருபது வாரங்கள்

கடந்த ஆடி மாதத் தொடக்கத்தில் கலோரிக் கணக்குச் செயலி ஒன்றை எனது கைத்தொலைபேசியில் தரவிறக்கி, வருடச் சந்தாவையும் செலுத்தி, இருபது வாரங்கள் விடாமற் பயன்படுத்தினேன். ஐந்து வாரங்கள் கழிந்ததும், கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் போசாக்கு ஆலோசகர் ஒருவரையும் சந்தித்தேன். இந்த மதிப்புரை அவ்விரண்டு சேவைகளையும் பற்றியது. உடல் நிறையைக் குறைக்க விரும்பும் ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை கலோரி உண்ணலாம் என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு விடைகளைத் தந்தன. நான் எழுத வந்த காரணமும் அதுதான். செயலியின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். அதில் நான் கண்ட குறைகளைத் தோழிகளின் கைத்தொலைபேசிகளில் இருந்த வேறு இரண்டு செயலிகளிலும் கண்டேன் என்பதால், ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் குறைகூறுவது நியாயமாகப் படவில்லை.

கணக்குகளைப் பின்தொடர வாசகருக்கு என் அளவுகள் தேவைப்படும். வயது 43, உயரம் 158 சென்ரிமீற்றர், தொடங்கிய அன்று நிறை 71 கிலோ. வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் அலுவலகம், நாளில் எட்டு மணித்தியாலம் கதிரை. உடற்திணிவுச் சுட்டெண் (கிலோவிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், BMI) 28.4. செயலி இதைப் பார்த்து, 25, 30 என்ற பொதுவான எல்லைகளின்படி, "சற்று மிகை" என்று மஞ்சள் நிறத்திற் காட்டியது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஆசிய மக்களுக்கு 23 இலேயே நோய் ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5 ஐத் தாண்டினால் அது உயர்ந்த ஆபத்து. நம்மவர் பார்வைக்கு மெலிந்திருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்த்து வைத்திருப்போம் என்பதே இதன் காரணம். செயலியின் மஞ்சள் நிறம் எனக்கு உண்மையிற் சிவப்பு. முதல் நாளே பட்ட முதற் குறை இது.

செயலி கேட்டவை ஏழு: பால், வயது, உயரம், தற்போதைய நிறை, விரும்பும் நிறை, எவ்வளவு வேகம், எவ்வளவு நடமாட்டம். விரும்பும் நிறைக்கு 57 கிலோ என்று போட்டேன். வேகத்துக்கு வாரம் கால் கிலோ தொடக்கம் ஒரு கிலோ வரை நகர்த்தக்கூடிய கோடொன்று இருந்தது. மனித இயல்புப்படி அதைக் கடைசி வரை தள்ளினேன். நடமாட்டம் பற்றிய கேள்விக்கு "பெரும்பாலும் அமர்ந்திருப்பவர்" என்பதைத் தெரிவு செய்தேன். ஒரு நிமிடத்துக்குள் விடை வந்தது: நாளுக்கு 1,200 கலோரி; 14 வாரங்களில் 57 கிலோ.

அந்த எண் எப்படி வந்தது என்பதைப் பின்னர் தாளிற் போட்டுப் பார்த்தேன். இவ்வகைச் செயலிகளுட் பல, அமெரிக்காவில் 498 பேரை அளந்து 1990 இல் வெளியிடப்பட்ட மிஃப்ளின் சூத்திரத்தையே பயன்படுத்துகின்றன. நிறையைக் கிலோவில் 10 ஆற் பெருக்கி, உயரத்தைச் சென்ரிமீற்றரில் 6.25 ஆற் பெருக்கிக் கூட்டி, வயதை 5 ஆற் பெருக்கிக் கழித்து, பெண்ணாயின் மேலும் 161 ஐக் கழிக்க வேண்டும். ஆணாயின் 5 ஐக் கூட்ட வேண்டும். எனக்கு இது ஏறத்தாழ 1,320 ஆகிறது. நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும், மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் உடற் சூட்டுக்குமாக என் உடல் செலவிடும் சக்தி அது. அமர்ந்தே வேலை செய்பவருக்கு இதனை 1.2 ஆற் பெருக்குவர். ஓரளவு நடப்பவருக்கு 1.375 ஆல். ஆகவே செயலியின் கணக்கில் என் அன்றாடச் செலவு 1,586 கலோரி. உடற் கொழுப்பு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று கொள்வதால், வாரம் ஒரு கிலோ குறைய வேண்டுமாயின் நாளுக்கு 1,100 கலோரியைக் குறைத்துண்ண வேண்டும். 1,586 இல் 1,100 போனால் மிஞ்சுவது 486. எந்த நல்ல செயலியும் அதை ஒருவருக்குச் சொல்லாது. வைத்தியக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200 க்கும் ஆண்கள் 1,500 க்கும் கீழே போகக் கூடாது என்ற பொதுவான வழக்கத்தைப் பின்பற்றி, இந்தச் செயலியும் 1,200 இல் நின்றுகொண்டது.

தேகிவளையில் இருக்கும் என் மைத்துனிக்கு வயது 29, உயரம் 165 சென்ரிமீற்றர், நிறை 80 கிலோ. வாரத்தில் மூன்று நாட்கள் உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகிறவர். அவரும் அவசரக்காரர்தான், அவருக்கும் இதே செயலி 1,200 என்றே சொல்லியிருந்தது. பதினான்கு வயது வித்தியாசமும் ஒன்பது கிலோ வித்தியாசமும் உள்ள இருவருக்கு ஒரே எண் எப்படிப் பொருந்தும் என்று யோசித்த பின்னரே எனக்கு விளங்கியது. 1,200 என் உடலைப் பார்த்துக் கணித்த எண் அன்று. அவசரப்படும் பெண்கள் எல்லோரையும் செயலி இறக்கிவிடும் கடைசிப் படி. அத்தோடு, 1,586 இல் 1,200 போனால் நாளுக்கு 386 கலோரிதான் மிச்சம். அந்தக் கணக்கில் 14 கிலோ குறைய 40 வாரங்கள் ஆகும். இலக்கைக் கடைசிப் படியில் நிறுத்திய செயலி, "14 வாரங்கள்" என்ற வாக்குறுதியை மட்டும் மாற்றாமல் அப்படியே விட்டிருந்தது. இதை நான் சாதாரணக் கணிப்புப் பிழையாகப் பார்க்கவில்லை. ஏழு கேள்விகளை முடித்தவுடன் அடுத்த திரையில் வருவது சந்தா செலுத்தும் பக்கம். அந்த இடத்தில் 14 வாரங்கள் என்பது 40 வாரங்களை விட நன்றாக விற்கும்.

அந்த இலக்கோடு ஐந்து வாரங்கள் இருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை 1,200 ஐப் பிடித்துவிடுவேன். காலையில் இரண்டு துண்டுப் பாணும் ஒரு முட்டையும், மதியம் வீட்டிலிருந்து கொண்டு போகும் ஒரு கோப்பைச் சோறும் கறிகளும், இரவில் நான்கு இடியப்பமும் சொதியும். பிற்பகல் மூன்று மணிக்குப் பின் அலுவலகத்தில் எழுத்துகள் மங்கும், எரிச்சல் வரும், வீட்டிற்கு வந்து பிள்ளைகள் மீது எரிந்து விழுவேன். சனிக்கிழமை வந்தாற் கதை வேறு. காலி முகத்திடலில் பிள்ளைகளோடு இறால் வடை, இரவில் கொத்து ரொட்டி, ஞாயிறு மதியம் புரியாணி. அந்த இரண்டு நாட்களையும் செயலியில் அரைகுறையாகவே பதிந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் நேர்மையாக உட்கார்ந்து கணக்கிட்டபோது ஒவ்வொரு நாளும் 2,400 க்குக் குறையவில்லை. ஐந்து நாள் 1,200, இரண்டு நாள் 2,400. வாரத்துக்கு மொத்தம் 10,800. சராசரி நாளுக்கு 1,543. தராசும் அதையே சொன்னது. முதல் இரண்டு வாரத்தில் குறைந்த ஒன்றரைக் கிலோவில் பெரும்பகுதி, அதாவது நீர், திரும்பி வந்துவிட, ஐந்தாவது வாரக் கடைசியில் என் நிறை 70.4 கிலோ.

இலக்கு இவ்வாறு தவறியதை ஒருபுறம் வைத்துவிட்டு, செயலியின் உணவுப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மூர்ச் சமையலறையில் அது பெரிய தலைவலி. ஆனால் இருபது வாரத்திலும் நான் அதிகம் கற்றுக்கொண்டதும் அதனாலேயே.

"பிட்டு" என்று தேடினால் வெவ்வேறு பயனர்கள் பதிந்த மூன்று விடைகள் வந்தன; ஒன்றில் ஒரு கோப்பைக்கு 140, இன்னொன்றில் 420. எந்தக் கோப்பை, எவ்வளவு தேங்காய்ப்பூ என்ற விபரம் எதுவும் இல்லை. நானே நிறுத்துப் பார்த்தேன்: 100 கிராம் அரிசி மாவுக்கு ஏறத்தாழ 360 கலோரி, அதற்குப் போடும் 50 கிராம் தேங்காய்ப்பூவுக்கு 177, ஆக மொத்தம் 537. தேங்காயைக் குறைத்தாற் கணக்கு உடனே இறங்குகிறது. தேங்காய்ப்பால் விடயத்தில் செயலி இன்னும் மோசம். தேடியவுடன் முதலில் வந்தது மேற்கு நாடுகளிற் பசும்பாலுக்குப் பதிலாக அட்டைப்பெட்டியில் விற்கும் ஐதான தேங்காய்ப் பானம். அது 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 20 கலோரிதான். நாம் கறிக்கு விடும் முதற்பால் அதே அளவுக்கு 220 ஐத் தாண்டும். முதல் மூன்று வாரமும் என் சொதிக்கும் பருப்புக்கும் விட்ட தேங்காய்ப்பால் பத்திலொரு பங்குக் கணக்கில் பதியப்பட்டிருந்தது என்றால், தராசு நகராததில் வியப்பில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழியும் செயலிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதை நான்காவது வாரத்தில்தான் கண்டுபிடித்தேன். "சமையற்குறிப்பு" என்ற பகுதியில் சட்டிக்குள் போகும் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பதிந்து, சமைத்து முடிந்ததும் மொத்தக் கறியின் நிறையைக் கொடுத்தால், 100 கிராமுக்கு எவ்வளவு என்று அது சொல்லிவிடும். எங்கள் வீட்டுப் பருப்புக்கறியை உதாரணமாகத் தருகிறேன்: மைசூர்ப் பருப்பு 200 கிராம், 700 கலோரி, முதற்பால் 150 மில்லிலீற்றர், ஏறத்தாழ 330, தாளிக்க ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், 120. மொத்தம் 1,150. இறக்கியபோது கறி 900 கிராம் இருந்தது. ஆக 100 கிராமுக்கு 128 கலோரி. ஒரு தடவை செய்து வைத்தால் அடுத்த தடவை அகப்பையால் அள்ளி நிறுத்தாற் போதும். இதற்கு ஒரு சமையலறைத் தராசு தேவை. புறக்கோட்டையில் 2,000 ரூபாய்க்கு உட்பட்ட விலையில் வாங்கினேன். இந்த முயற்சியில் நான் செலவழித்த பணத்தில் மிகவும் பயன்பட்டது அந்தத் தராசுதான். முதல் நாள் அதைக் கண்ட மாமி, "என்ன பிள்ளை, சோத்தையும் நிறுத்தே சாப்பிடப் போறாய்?" என்று கேட்டார். ஆம், சோற்றைத்தான் முக்கியமாக நிறுக்க வேண்டியிருந்தது. சமைத்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. சமைக்காத அரிசி 360. எதை நிறுத்தோமோ அதையே செயலியிலும் தெரிவு செய்யாவிட்டாற் கணக்கு மூன்று மடங்கு வரை பிழைக்கும். அலுவலகத்துக்கு அருகே ஒரு நாள் வாங்கிய சோற்றுப் பார்சலைப் பிரித்து நிறுத்துப் பார்த்ததில் சோறு மட்டும் 430 கிராம். கறியைத் தொடும் முன்னரே 560 கலோரி.

எல்லாவற்றையும் விட என்னை அதிர வைத்தது பால்தேநீர். இரண்டு குவித்த தேக்கரண்டி முழு ஆடைப் பால்மா 15 கிராம் இருந்தது, 75 கலோரி. இரண்டு தேக்கரண்டி சீனி, நான் போடும் அளவில், 12 கிராம், 48 கலோரி. ஒரு கோப்பைக்கு 123. நாளுக்கு நான்கு கோப்பை குடிக்கிறேன், ஏறத்தாழ 490. வாரத்துக்கு அரைக் கிலோ குறைய நாளுக்குக் குறைக்க வேண்டிய 550 கலோரியில் பெரும்பகுதி என் தேநீர்க் கோப்பைக்குள்ளேயே கிடந்தது. இதை எந்த இலக்கும் எனக்குச் சொல்லவில்லை, பதிவேடு சொன்னது. இன்று இரண்டு கோப்பை பிளேன்ரீ, சீனி இல்லாமல், ஒரு சிறு துண்டு பனங்கட்டியோடு. இரண்டு கோப்பை பால்தேநீர், சீனி ஒரு கரண்டி.

பொதியிடப்பட்ட உணவுகளின் பட்டைக்குறியைக் கைத்தொலைபேசியால் வாசிக்கும் வசதி இறக்குமதிப் பொருட்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. உள்ளூர் பிஸ்கட்டுகள் சிலவற்றை அது அறியவேயில்லை. குளிர்பானங்களுக்கு இலங்கையில் 2016 முதல் சீனி அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயம் என்பதால் போத்தலைப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஆனால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமைத் தாண்டினால்தான் சிவப்பு. 9 கிராம் உள்ள பானம் செம்மஞ்சளில் நிற்கும். 400 மில்லிலீற்றர் போத்தலை முழுதாகக் குடித்தால் 36 கிராம் சீனி, 144 கலோரி.

இனி ஆலோசகர். சனலிங் என்னும் முன்பதிவுச் சேவை மூலம் பதிந்து, வைத்தியசாலைக் கட்டணமும் சேர்த்து 4,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகச் செலுத்தினேன். தந்த நேரத்துக்குப் பின் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வைத்தார்கள். அலுவலகம் முடிந்து பசியோடு வந்தவர்களை அப்படி வைப்பதும், அந்த மண்டபத்திலேயே பொரித்த ரோல்ஸும் பட்டிஸும் விற்பதும் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. உள்ளே போன பிறகு நாற்பது நிமிடங்கள் பேசினார். செயலி கேளாத கேள்விகள் எல்லாவற்றையும் அவர் கேட்டார்: நீரிழிவு, இரத்த அழுத்தம், தைரொயிட்டு ஆகியவற்றுக்கு மருந்து எடுக்கிறேனா, மாதவிடாய் ஒழுங்காக இருக்கிறதா, கடந்த காலத்தில் பட்டினி கிடந்து நிறை குறைத்த அனுபவம் உண்டா, நித்திரை எப்படி. இடுப்புச் சுற்றளவை எடுத்தார், 91 சென்ரிமீற்றர். தெற்காசியப் பெண்களுக்கு 80 ஐத் தாண்டக் கூடாது என்பது அவர் சொன்ன அளவுகோல். இரத்தச் சீனி அறிக்கை இல்லாமல் இலக்குப் பேச மாட்டேன் என்று முதலில் பரிசோதனைக்கு அனுப்பினார். இந்த அடிப்படைப் பரிசோதனைக்குத் தனியாரிடம் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இரத்தச் சீனி, அழுத்தம், நிறை ஆகியவற்றை இலவசமாகவே பார்க்கிறார்கள்.

நான் காட்டிய 1,200 ஐப் பார்த்தவர், "இதை அடுத்த தைப்பொங்கலுக்கும் சாப்பிடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தாளில் கணக்குப் போட்டார். மாலையில் மரைன் டிரைவ் ஓரமாக வாரத்தில் ஐந்து நாட்கள், முப்பத்தைந்து நிமிடம் நடக்கிறேன் என்பதால், பெருக்கும் எண்ணை 1.375 ஆக எடுத்தார். அன்றாடச் செலவு 1,817. சூத்திரத்தின் விடை ஒருவருக்குப் பத்து வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும், ஆகவே அது தொடங்குவதற்கான ஊகம் மட்டுமே என்றும், நான்கு வாரத்துக்குப் பின் தராசைப் பார்த்துத் திருத்துவோம் என்றும் சொன்னார். அதிலிருந்து ஏறத்தாழ 370 ஐக் கழித்து 1,450 என்று வைத்தார். எதிர்பார்ப்பு வாரம் மூன்றிலொரு கிலோ. 57 கிலோ என்ற இலக்கையும் அழித்தார்; முதலில் ஆரம்ப நிறையில் ஐந்து முதல் பத்து வீதம் குறையட்டும், அதற்கே இரத்த அழுத்தத்திலும் சீனியிலும் பயன் தெரியும் என்பது அவர் நிலை. எனக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ.

அவர் தந்தவற்றில் மிகப் பயனுள்ளது இலக்கை வாரக் கணக்கில் வைத்தது. 1,450 ஐ ஏழாற் பெருக்க 10,150. ஆறு நாட்கள் 1,400 உண்டால் சனிக்கிழமைக்கு 1,750 மிஞ்சும். பிள்ளைகளோடு அரைப் பங்கு கொத்து ரொட்டி சாப்பிட அது தாராளம். முன்னர் 1,200 என்ற கடும் இலக்கோடு நான் உண்டது வாரத்துக்கு 10,800. இப்போது தளர்ந்த இலக்கோடு 10,150. இலக்கு 250 கலோரி கூடியது; உண்ட உணவு குறைந்தது. செயலியின் பதிவேடு கையில் இல்லாவிட்டால் இந்த முரணை நான் கண்டிருக்க மாட்டேன் என்பதால், அதற்குரிய நன்றியைச் செயலிக்கும் செலுத்தியாக வேண்டும்.

குறை அவரிடமும் இருந்தது. எழுந்து வரும்போது கையில் வைத்த அச்சடித்த உணவு அட்டவணை, ஓட்ஸ், அப்பிள், தவிட்டுப் பாண், வாட்டிய கோழி நெஞ்சு என்று, யாருக்கோ எழுதியது போல இருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறி என்று சொன்னதும் வெட்கத்தோடு பேனாவை எடுத்துத் திருத்தினார்: கடலை, கௌபி, சோயா மீற், மோர், பருப்பு, மற்ற நாட்களில் சூரை மீன், முட்டை. நாளுக்கு 75 கிராம் புரதம் என்பதைக் கலோரி இலக்குக்கு அடுத்த இலக்காக வைக்கச் சொன்னார்; உண்பதைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையாமல் இருக்க அது வேண்டும் என்பது காரணம். சோற்றைக் குறைப்பது எவருக்கும் தோன்றும். அந்த இடத்தைக் கடலையாலும் மீனாலும் வல்லாரைச் சம்பலாலும் நிரப்பாவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு என்ன நடக்கும் என்பதை நான் அறிவேன்.

செயலியின் இலக்கை 1,450 என்று கையால் மாற்ற முடிந்தது. அதற்காக ஒரு நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம். ஆனால் உடற்பயிற்சிக் கலோரியை அது கையாளும் விதம் ஆபத்தானது. என் முப்பத்தைந்து நிமிட நடைக்கு 260 கலோரி என்று கணித்து, அதை அன்றைய இலக்கோடு கூட்டி, இன்னும் அவ்வளவு உண்ணலாம் என்று பச்சை எழுத்தில் அழைத்தது. என் நிறைக்கும் வேகத்துக்கும் 140 தான் பொருந்தும். அதிலும் ஒரு பங்கு சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும். அத்தோடு 1.375 என்று பெருக்கியபோதே நடையைக் கணக்கில் எடுத்தாயிற்று. ஒரே நடையை இரண்டு தடவை வரவு வைத்து, இரண்டாம் தடவையை ஒரு மரக்கறி ரோல்ஸாகத் தின்றுவிடும் வழி அது. அமைப்புப் பகுதிக்குள் போய் அதை நிறுத்திவிடுங்கள்.

இதேபோல, நாள் முடிவில் "இன்று போல் எல்லா நாளும் உண்டால் ஐந்து வாரத்தில் உங்கள் நிறை இவ்வளவு" என்று அது காட்டும் எண்ணையும் நம்ப வேண்டாம். 7,700 இனால் வகுக்கும் நேர்கோட்டுக் கணக்கு அது. உடல் மெலிய மெலிய அதன் செலவும் குறைகிறது, கோடு வளைந்துவிடும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் இந்த வளைவையும் சேர்த்துக் கணிக்கும் கருவி ஒன்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பணம் வாங்கும் செயலி அதைச் செய்யவில்லை. எனக்குப் பதினைந்து வாரத்தில் ஐந்து கிலோ குறையும் என்பது நேர்கோட்டுக் கணக்கு. உண்மையிற் குறைந்தது நான்கு. 70.4 இலிருந்து 66.4. தொடக்கத்திலிருந்து பார்த்தால் 4.6 கிலோ, ஆறரை வீதம். இடுப்பு 85 சென்ரிமீற்றர். புதிய நிறைக்குச் சூத்திரத்தை மீண்டும் போட்டால் அன்றாடச் செலவு 1,754. முன்பை விட 63 குறைவு, பாதிக் கோப்பைப் பால்தேநீர்.

கந்தசஷ்டி நாட்களில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆறு நாட்களும் பாலும் பழமுமாக விரதம் இருந்தேன். 1,000 கலோரிக்குக் குறைந்ததும் செயலி அன்றைய பதிவை முடிக்க மறுத்து எச்சரிக்கை காட்டியது. விரதம் என்ற ஒன்றை அது அறியாது. ஆனாலும் பட்டினியைப் பாராட்டாமல் தடுத்தது நல்ல குணம்தான். ஆறாம் நாள் தராசில் 1.6 கிலோ குறைந்திருந்தது. பாறணை முடிந்து ஐந்து நாட்களில் 1.2 கிலோ திரும்பி வந்தது. பெரும்பாலும் நீர். நாளுக்கு நாள் தராசைப் பார்த்து மகிழ்வதும் கலங்குவதும் வீண் என்பதை அந்த வாரம் போல வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை. ஏழு நாள் சராசரியைக் காட்டும் வரைபடம் செயலியில் உண்டு, அதை மட்டும் பாருங்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் விரதமானாலும் கலோரி இலக்கானாலும் வைத்தியரைக் கேளாமல் உணவைக் குறைக்கக் கூடாது. இரத்தச் சீனி திடீரென விழும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், முன்பு உணவை மறுத்து உடல் கெட்டவர்கள் ஆகியோருக்கும் இந்தச் செயலி ஏற்றதன்று. வயதைக் கேட்பது தவிர, இவர்களை வாசலில் மறிக்க அது வேறெதுவும் செய்வதில்லை. எந்த வயதைக் கொடுத்தாலும் இலக்கைச் சொல்லிவிடுகிறதா என்று சோதிக்க, பதினைந்து வயதைப் போட்டுப் பார்த்தேன். அதற்கு மட்டும் மறுத்தது. பதினெட்டு என்று மாற்றியவுடன் அதே கைத்தொலைபேசியில், அதே நிமிடத்தில், 1,200 வந்தது.

வருடச் சந்தா 40 டொலருக்குச் சற்று மேல்; நம் பணத்தில் 12,000 ரூபாயைத் தாண்டியது. அதற்குக் கிடைத்தவை விளம்பரம் இல்லாமை, பட்டைக்குறி வாசிப்பு, புரதத்தைக் கிராமில் வைக்கும் வசதி. சமையற்குறிப்புப் பகுதி, வாரச் சராசரி, இலக்கைக் கையால் மாற்றுவது ஆகிய மூன்றும் இலவசப் பதிப்பிலேயே இருக்கின்றன என்பதைச் சந்தா செலுத்திய பிறகே கண்டேன். அதே தொகைக்கு ஆலோசகரை மூன்று தடவை பார்க்கலாம்; நான் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டாவது சந்திப்பு பத்து நிமிடத்தில் முடிந்தது, கட்டணம் மட்டும் அதேதான். செவ்வாய் மாலையில் மாத்திரமே அவர் வருவதால் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

ஐந்துக்குச் செயலியின் பதிவேட்டுக்கு நான்கும், அது வைக்கும் இலக்குக்கு ஒன்றும் கொடுப்பேன். ஆலோசகருக்கு நான்கு, காத்திருப்பு மண்டபத்துக்கு ஒன்று. சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. நிறுத்த விரும்புவோர் கவனிக்க: செயலியைக் கைத்தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது, அதை வாங்கிய செயலிக் கடைக்குள் சென்று, சந்தாக்கள் என்ற பகுதியில், புதுப்பிக்கும் நாளுக்கு முன்னரே நிறுத்த வேண்டும். மைத்துனி அழித்ததோடு இருந்துவிட்டார். மறுவருடத் தொகை அவருடைய அட்டையிலிருந்து போய்விட்டது.